இரண்டு ‘பார்ப்பம்’

எங்கள் பக்கத்தில் ஒருவர் ‘பார்ப்பம்’ என்று சொன்னால் அதன் பொருளை அவருடைய குரலில்தான் தேட வேண்டும். கடன் கேட்டுப் போன வீட்டில் ‘பார்ப்பம் தம்பி’ என்றால் பேச்சு முடிந்தது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வரலாம். வரம்பு உடைத்துத் தண்ணீர் போகிறது என்று ஓடிப்போய்ச் சொன்னதும் வட்டை விதானையார் ‘பார்ப்பம்’ என்றால், பொழுது சாய முன்னம் மண்வெட்டியோடு வயலில் நிற்பார். சொல் ஒன்றுதான். ஓரிடத்தில் அது கையைக் கழுவுகிறது, இன்னோரிடத்தில் காரியத்தைக் கையில் எடுக்கிறது.

மட்டக்களப்புப் பக்கத்துச் செங்கலடியில் ஒரே ஒழுங்கையில், நாலு வளவு இடைவெளியில் இருந்த இரண்டு வயதானவர்களின் தோலில் புற்றுநோய் வந்தது. இரண்டு வீட்டிலும் ‘பார்ப்பம்’ என்றுதான் சொன்னார்கள். இரண்டு பேரையும் நெடுநாள் யாரும் வெட்டவில்லை. தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அவை ஒன்றல்ல என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாமவர் என் அம்மப்பா. அப்போது வயது 84. ஆயுள் முழுக்க மேலுக்குச் சட்டையில்லாமல் வயலில் நின்ற முதுகு அவருடையது. ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் பூசும்போது, வலது தோள்பட்டைக்குக் கீழே அம்மாவின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மிளகளவு இருக்கும். நல்ல கறுப்பு. ஆனால் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் விளிம்பு முத்துப்போல மினுங்கியது, நடுவில் ஊசிமுனையளவு பள்ளம். மறு என்று விட்டுவிட்டோம். பிறகு இரண்டொரு தரம் சேட்டில் ஒரு பொட்டு இரத்தம் காணவே, தோல் டொக்டரிடம் கூட்டிப் போனோம். லைட் பூட்டிய சிறிய கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்த டொக்டர், சின்னத் துண்டொன்றை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அடிக்கலப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. ஆங்கில மருத்துவத்தில் பேசல் செல் கார்சினோமா என்பார்கள்.

‘கான்சர்’ என்ற சொல் விழுந்ததும் அம்மா கதிரையில் இருந்துவிட்டார். டொக்டர் அவசரப்படவில்லை. “ஐயா, இத வெட்டி எடுக்கலாம், அரை மணித்தியால வேலை. வெட்டாமப் பாத்துக்கொண்டும் இருக்கலாம். ரெண்டும் வைத்தியந்தான்” என்றார். அம்மப்பா கேட்டது ஒரே கேள்வி: “வெட்டினா எத்தின நாளைக்கு நிமிந்து படுக்கேலாது?” இரண்டு மூன்று கிழமை என்று பதில் வந்தது. அவருக்குச் சீனி, பிரஷர், நெஞ்சு வருத்தம், அதற்கு இரத்தம் இளக்கும் குளிசை. “அப்ப பாப்பம்” என்றார்.

அதற்குப் பிறகு டொக்டர் செய்ததைத்தான் நான் முக்கியமாக எடுக்கிறேன். மேசை லாச்சியிலிருந்து சிறிய அடிமட்டத்தை எடுத்து அளந்தார். கிளினிக் கொப்பியில் ஒரு முதுகை வரைந்து, அதில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் 6 மில்லிமீற்றர் என்று எழுதி, திகதி போட்டார். மூன்று மாதத்தில் வரவேண்டிய நாளைக் குறித்தார். ஆறாத புண்ணாகினால், இரத்தம் நிற்காமல் கசிந்தால், குறித்த நாளுக்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிற மாதிரிப் பெரிதானால் காத்திருக்காமல் வரச் சொன்னார். அம்மாவின் போனில் அடிமட்டத்தை அருகில் வைத்து ஒரு போட்டோ எடுக்க வைத்து, மாதம் ஒருமுறை இதே மாதிரி எடுங்கள் என்றார்.

இரண்டாமவர் நாலு வளவு தள்ளியிருந்த பெத்தா. அவருடைய கதை வேறு. இளவயதில் நெல்லவித்த கிடாரம் சரிந்து வலது காலின் முன்பக்கம் வெந்து, தழும்பு பளபளவென்று இறுகிக் கிடந்தது. எழுபதைத் தாண்டிய பிறகு அந்தத் தழும்பில் ஒரு வெடிப்பு. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்தார். பிறகு பார்மசியில் கேட்டு வாங்கிய பூச்சு மருந்து. ஓரிடத்தில் சில மாதம் கட்டு மாற்றினார்கள். துண்டெடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ‘விதைப்பு முடியட்டும், பார்ப்பம்.’ ‘பொங்கலுக்கு மகன் வரட்டும், பார்ப்பம்.’ ‘கோயில் சடங்கு கழியட்டும், பார்ப்பம்.’ விளிம்பு தடித்து உருண்டு பூக்கோவாபோல எழும்பியபோதும், நாற்றம் வந்தபோதும் இதே சொல்தான். இரண்டு வருசம் போனது. சோதித்தபோது அது செதிட்கலப் புற்றுநோய். அரையில் நெறி கட்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

இந்த இரண்டு நோய்க்கும் தோல் ஒன்றுதான் வீடு. குணம் வேறு. அடிக்கலப் புற்றுநோய் தோன்றிய இடத்திலேயே கிடந்து மெல்ல மெல்ல அரிக்கும். உடம்பின் வேறு பாகத்துக்குப் பரவுவது மிக அரிது. வெள்ளைத் தோல் உள்ளவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் அது. எங்கள் தோலில் குறைவு. வந்தாலும் அது புத்தகப் படங்களில் உள்ளதுபோல இளஞ்சிவப்பாக இருப்பதில்லை. கருமையான தோலில் வருகிற அடிக்கலப் புற்றில் பாதிக்கு மேல் கறுப்பு நிறமேறி வரும். அதனால்தான் மறு என்றும் மச்சம் என்றும் ஏமாந்துபோகிறோம். முத்து விளிம்பும் நடுப்பள்ளமும்தான் எங்களுக்கு அடையாளம்.

செதிட்கலப் புற்று அப்படிக் கிடக்காது. அது நிணநீர்க் கணுக்களுக்குப் போகக்கூடும். கருமையான தோல் உள்ளவர்களிடம் அது பெரும்பாலும் வெயில் படுகிற இடத்தைத் தேடி வருவதில்லை. பழைய தீக்காயத் தழும்பிலும், வருசக்கணக்கில் ஆறாத புண்ணிலும் பிறக்கிறது. பிரெஞ்சு அறுவைச் சிகிச்சையாளர் மார்ஜொலின் 1828இல் இத்தகைய தழும்புப் புண்களை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் அந்தப் புண்ணை அழைக்கிறார்கள். தழும்பில் வருகிற செதிட்கலப் புற்று, வெயிலால் வருகிறதைவிடப் பொல்லாதது. காஷ்மீரில் குளிருக்குக் கணப்புச் சட்டியை உடையின் உள்ளே வைத்திருப்பவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் வருவது காங்ரிப் புற்று. வேட்டியை ஆண்டாண்டாக ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியதால் இடுப்பில் வருகிற புற்றைப் பற்றி பம்பாயில் கனோல்கரும் சூர்யாபாயும் 1945இலேயே எழுதினார்கள். எங்களைப் போன்றவர்களின் உடம்பில் தோல் புற்று எங்கே வரும் என்று எண்பது வருசமாகத் தெரிந்திருக்கிறது. கிடாரச் சூட்டில் வெந்த ஒரு கால் எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் உண்டு! அந்தத் தழும்பு வெடித்தால் ‘பார்ப்பம்’ என்று சொல்ல இடமில்லை என்பது மட்டும் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

அப்படியானால் அம்மப்பாவுக்குச் சொன்ன ‘பார்ப்பம்’ எந்தத் துணிவில் சொன்னது? நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள ரட்பவுட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 89 நோயாளிகளின் 280 அடிக்கலப் புற்றுகளை உடனே வெட்டாமல் தொடர்ந்து கவனித்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த நோயாளிகளின் இடைநிலை வயது 83. ஏறத்தாழ அம்மப்பாவின் வயது. கவனித்த காலத்தில் 47 சதவீதமானவை பெருத்தன. பாதிக்கு மேல் அசையவில்லை. முடிச்சாகவும் மேலோட்டமாகவும் வளர்கிற வகை வருசத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வளர்ந்தது. வேர்விட்டு ஊடுருவுகிற வகை 4 மில்லிமீற்றருக்கும் மேல் வளர்ந்தது. ஒரே பெயருள்ள நோய்க்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். எனவே துண்டெடுத்துச் சோதித்து எந்த வகை என்று அறியாமல் ‘பார்த்துக்கொண்டிருப்பம்’ என்று சொல்லவே கூடாது. பெத்தாவின் வீட்டில் தவறியது முதலில் அந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு ஆய்வு, 2013இல் வெளிவந்தது. உயிருக்கு ஆபத்துக் குறைந்த தோல் புற்றுள்ள 1,536 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். மிக முதியவராயினும், வேறு நோய்களால் தளர்ந்தவராயினும், பெரும்பாலானோருக்குக் கத்திதான் வைத்திருந்தார்கள். அப்படித் தளர்ந்திருந்தவர்களில் 43 சதவீதமானோர் ஐந்து வருசத்துக்குள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தோல் புற்றால் இறக்கவில்லை. அதே குழுவில் ஐந்தில் ஒருவர், சிகிச்சையால் ஏதோ ஒரு சிக்கல் வந்ததாகச் சொன்னார். இந்த இலக்கங்களை நான் பலதரம் திரும்பத் திரும்ப வாசித்தேன். கடைசி ஐந்து வருசத்தில் மூன்று கிழமை என்பது சின்னக் காலமல்ல.

வெட்டுவதற்கு எதிராக நான் எழுதவில்லை. விறைக்கப்பண்ணுகிற ஊசியைப் போட்டு, எல்லை தெளிவான சிறிய கட்டியைச் சுற்றி 4 மில்லிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்தால், நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு அது முழுதாக வந்துவிடும். வேலை முடிந்தது, மனமும் லேசாகும். அறுபது வயதுக்காரருக்கு முன்னால் இருபது வருசம் இருக்கிறது. வருசத்துக்கு 1 மில்லிமீற்றர் என்றாலும் இருபது வருசத்தில் அது எங்கே போய் நிற்கும்! அவர் வெட்டுவதே சரி. வயதானவரிலும் முகத்தில், அதிலும் கண்ணோரம், மூக்கோரம், உதடு, காது என்று வந்தால் ஆபத்துக் குறைந்தது என்ற கணக்கில் அதைச் சேர்க்க முடியாது. இரண்டு மில்லிமீற்றர் முதுகில் ஒன்றுமில்லை, கண்ணிமையில் பெரிய விசயம். எங்கள் ஆட்களுக்கு அடிக்கலப் புற்று வருகிறபோது பெரும்பாலும் முகத்திலேயே வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே அம்மப்பாவின் கதையைக் கேட்டுவிட்டு, மூக்கோரத்தில் மினுங்குகிற கறுப்பு மணியை யாரும் அப்படியே விட்டுவிடக் கூடாது. மேலோட்டமான வகைக்குப் பூசுகிற மருந்தும் உண்டு. இமிக்குவிமோட் என்ற களிம்பைக் கிழமைக்கு ஐந்து நாள், ஆறு கிழமை பூசுவார்கள். தோல் சிவந்து புண்ணாகி ஆறும். கத்தியில்லாத வழி என்றாலும் அதுவும் நோகும்.

வெட்டினால் வருகிற பாடு முதுமையில் எப்படிப்பட்டது என்பதை, முதியவரைக் குளிப்பாட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தோல் நனைந்த கடதாசிபோல. பிளாஸ்டர் உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். சீனி உள்ளவருக்குக் காயம் ஆறப் பிந்தும். இரத்தம் இளக்கும் குளிசையை நிறுத்தினால் நெஞ்சுக்குப் பயம், நிறுத்தாவிட்டால் தையலில் கசியும். கூட்டிப்போக ஒரு ஆள், ஓட்டோக் காசு, தையல் வெட்ட மறுபடி ஒரு நாள். இத்தனையையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, முதுகில் நோகாமல் கிடக்கிற மிளகளவு மணியை மறு தட்டில் வைத்தால், 84 வயதில் எது பாரம் என்று அம்மப்பாவுக்குத் தெரிந்தது. அந்த முடிவு அவருடையது. அதை நாங்கள் அவர் வாயிலிருந்து பறிக்காமல் விட்டதை இன்றைக்கும் நல்லதென்றே நினைக்கிறேன்.

ஆனால் நைமேகனில் நடந்ததை அப்படியே பெயர்த்து செங்கலடியில் நடலாமா? அங்கே ‘காத்திருப்பு’ என்பதன் பின்னால் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அடுத்த தவணை எழுதப்பட்டிருக்கிறது, வராவிட்டால் தேடுகிறார்கள். அந்த ஆய்விலேயே, காத்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிறகு ஒரு கட்டத்தில் ஒரு கட்டிக்காவது சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். அங்கே காத்திருப்பு என்பது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

எங்கள் ஊருக்குக் காத்திருப்பு வேறு விதமாய்ப் பழகியது. பேராதனையில் புறப்பட்டுப் பதுளை வழியாக வருகிற நெடுஞ்சாலை முடிகிற இடம் செங்கலடி. அந்தச் சாலையில் கொஞ்சத் தூரம் உள்ளே போனால் கறுத்தப் பாலம். போர்க்காலத்தில் அதுதான் எல்லை. பாலத்துக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து ஒரு நோயாளியைக் கொண்டு வருவதென்றால் பாலத்துச் சோதனையில் இறங்கி, நடந்து, நின்று, மறுபக்கம் வேறு வாகனம் பிடித்து மட்டக்களப்புக்குப் போக ஒரு பகல் போய்விடும். புற்றுநோய் என்றால் அதற்கு அப்பால் மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல், மொழி தெரியாத ஊர். நோகாத எதையும் பிறகு பார்ப்பம் என்று தள்ளுவது அந்த நாட்களில் சோம்பல் அல்ல, பிழைக்கும் வழி. கிழக்கில் போர் ஓய்ந்தது 2007இல். பாலத்தை இப்போது மோட்டார் சைக்கிளில் அரை நிமிடத்தில் கடக்கிறோம். தள்ளிப்போடுகிற பழக்கம் மட்டும் பாலத்தைக் கடக்கவில்லை. பெத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராதது அதனால்தான்.

அப்படி இருக்கிற ஊரில் ‘வெட்டத் தேவையில்லை, பார்த்துக்கொண்டிருக்கலாம்’ என்று ஒரு டொக்டர் சொன்னால், ‘ஒன்றுமில்லையாம்’ என்றுதான் வீட்டில் போய்ச் சொல்வார்கள். அந்த வாக்கியம் டொக்டரின் வாயிலிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் பொருள் மாறிவிடும். உடனே வெட்டிவிடுவதே இங்கே பாதுகாப்பு, ஏனென்றால் இவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று வாதிக்கிற டொக்டர்களும் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் அதோடு முழுதாக உடன்படவில்லை. திரும்பி வரமாட்டார்கள் என்று நாங்களே முடிவு கட்டி, அதற்காக ஒரு கிழவரின் முதுகை வெட்டுவதைவிட, திரும்பி வர வழி செய்வது மேல்.

வழி கண்முன்னே இருக்கிறது. எங்கள் வயதானவர்களில் எத்தனையோ பேர் சீனிக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் வரிசையில் இருந்து குளிசை எடுக்கிறார்கள். கொப்பி இருக்கிறது, திகதி இருக்கிறது, போகிற பழக்கமும் இருக்கிறது. அதே கொப்பியில் ஒரு பக்கத்தில் உடம்பின் படம், அதில் ஒரு புள்ளி, பக்கத்தில் மில்லிமீற்றர். சேட்டைத் தூக்கி அடிமட்டம் வைக்க ஒரு நிமிடம் போதும். கட்டாரில் இருக்கிற மகனுக்கும் அம்மாவின் போனிலிருந்து அதே போட்டோ போகும். போன மாதத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்குத் தெரியும்.

கோப்பாவெளிப் பக்கம் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்க இன்னும் சுலபம். கதிர் முற்றுகிற காலத்தில் யானைக்கு இரவுக் காவல் இருக்கிறார்கள். காவல்காரன் யானையைக் கொல்வதில்லை. யானை வராமலே போகலாம், அன்றிரவு அவன் எழும்பவே தேவையில்லாமலும் போகலாம். ஆனால் அவன் வயலில் இருக்கிறான். கையில் லைட்டும் வெடியும் இருக்கின்றன, எந்தச் சத்தத்துக்கு எழும்ப வேண்டும் என்று காதுக்குத் தெரியும். அவன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டு ‘நானும் வயலை ஒன்றும் செய்யவில்லையே’ என்றால், யாரும் அதைக் காவல் என்று சொல்லமாட்டார்கள்.

காவலுக்கே விடக்கூடாதவையும் உண்டு. வெறுங்காலோடு சேற்றில் நிற்கிற எங்கள் ஆட்களின் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாக வந்து பரவுகிற கறுப்பு மெலனோமாவாக இருக்கலாம். ஜமேக்காப் பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டது அதுதான். விரலை முழுதாக எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. 1981இல் 36 வயதில் இறந்தார். வெற்றிலை சப்புகிறவர்களின் வாயில், கன்னத்தின் உட்புறம் வருகிற வெள்ளைப் படையும் இந்தக் கணக்குத்தான். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாக வருகிற புற்று வாயில் வருவதே. கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் 1996 முதல் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு மூன்றிலொரு பங்கு குறைந்தது என்று 2005இல் லான்செட் இதழில் எழுதினார்கள். டோர்ச் லைட்டும் பயிற்சி பெற்ற கண்ணும்தான் அங்கே கருவி.

அம்மப்பாவின் கொப்பியை நான் வைத்திருக்கிறேன். 6. மூன்று மாதத்தில் மறுபடியும் 6. அதற்குப் பிறகு ஒரு தவணை, மழை வெள்ளத்தில் போக முடியாமல், வெறுமையாகக் கிடக்கிறது. அடுத்த கிழமையே போய் அளந்து 7 என்று எழுதியிருக்கிறது. பிறகு 7, 7, 8. டொக்டர், “ஐயா, இப்பவும் எடுக்கிறதெண்டா எடுக்கலாம்” என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தரமும் கேட்பாராம். ஒவ்வொரு தரமும் அம்மப்பா சிரித்துக்கொண்டு “பாப்பம் மகன்” என்பாராம்.

இரண்டு வருசமும் சில மாதமும் சென்று, ஒரு மாசி மாதம், நெஞ்சு வருத்தத்தில் அவர் போய்விட்டார். முற்றத்தில் குளிப்பாட்டும்போது மாமாமார் உடம்பைப் புரட்டினார்கள். தண்ணீர் வழிந்த முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே, அந்த மணி மினுங்கியது. அம்மா குனிந்து, எண்ணெய் பூசுகிற அதே விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார்.